அடிவானம் வலப்பக்கம் இறங்கியிருக்கிறது

சிப்பித்துறையில் பிறந்து, சிப்பித்துறையிலேயே வாக்கப்பட்டு, சிப்பித்துறை ஐஸ் கம்பெனியிலேயே டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு, தன் ஊர்க் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட சேதி உடுமலைப்பேட்டையிலிருந்துதான் வந்து சேர்ந்தது. அதுவும் ஆள் சொல்லி வரவில்லை, கடுதாசி போட்டு வரவில்லை, அவள் போட்ட படத்துக்குக் கீழே கமெண்டாக வந்தது. "நிறை: வெளிச்சம் அருமை. குறை: அடிவானம் வலப்பக்கம் இறங்கியிருக்கிறது. நேராக நின்று எடுக்கவும்." போட்டவர் நல்லசிவம்.

நல்லசிவம் யார் என்று சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது, தட்டான் பூச்சியையும் வண்ணத்துப்பூச்சியையும் அவற்றின் மீசை எண்ணும்படி படம் எடுப்பவர், அதைவிட முக்கியமாக, 'கருவிழி ஒளிப்பட நண்பர்கள்' என்ற ஃபேஸ்புக் குழுவில் எல்லோரும் பயந்து நடுங்கும் ஆள். அந்தக் குழுவில் யாரும் காசுக்குப் படம் எடுப்பவர்கள் இல்லை. வங்கியில் இருப்பவர், பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று எல்லாம் ஆசைக்குக் கேமரா தூக்கியவர்கள்தான். ஆனாலும் அங்கே ஒரு சட்டம் உண்டு. சும்மா 'சூப்பர்' என்று போட்டுவிட்டுப் போகக்கூடாது, ஒரு நிறை சொல்லிவிட்டு ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்வதோடு மனசு ஆறாத மூத்த உறுப்பினர்கள் படத்தைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி, வெட்டி, திருப்பி, நிறம் குறைத்து, 'திருத்தியது' என்று பெயர் போட்டுக் கீழேயே ஒட்டிக் காட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மதுரையில் ஒரு மண்டபம் பிடித்து, நல்ல படங்களைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். எந்தப் படம் மாட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் நல்லசிவத்திடம் இருந்தது.

ஜெசிந்தா அந்தக் குழுவில் சேர்ந்து ஆறு வருஷம். மஸ்கட்டிலிருந்து வந்த தம்பி விட்டுப்போன கேமராவை எடுத்து, கம்பெனி மதியச் சாப்பாட்டுக்கு அடைக்கும் நேரத்தில் ஐஸ் பாளத்தையும், நாக்கு நீட்டும் நாயையும், கிழிந்த வலை பொத்துகிற கைகளையும் எடுத்து எடுத்துப் போட்டாள். கலர் தூக்கல் என்றார்கள், குறைத்தாள். நடுவில் வைக்காதே என்றார்கள், தள்ளி வைத்தாள். பின்னாடி நிற்கும் மின்கம்பம் அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள், அட ஆமாம் என்று அவளே சிரித்துவிட்டு அடுத்த நாள் ஆளை நகர்த்தி வைத்து எடுத்தாள். ஆனால் மதுரைச் சுவரில் அவள் படம் ஒன்றுகூட ஏறவில்லை. இந்த வருஷம் ஏறாமல் விடப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள் பாருங்கள், அந்த வைராக்கியத்தில் எடுத்ததுதான் இந்தப் படம்.

ஐஸ் கம்பெனி மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. விடிந்து சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறியிருக்கிறது, வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டன, வள்ளக்காரக் கஸ்பார் மாமா கயிறு பிடித்து இழுக்கிறார், பெண்கள் மீன் அள்ள அன்னக்கூடையோடு வரிசையாக நிற்கிறார்கள், மணலில் ஊர்ச் சிலுவையான குருசு நிற்கிறது, அத்தனைக்கும் பின்னால் கடல். இதைவிட நல்ல படம் தன் ஜென்மத்தில் எடுக்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதைப் போய் நேராக நிற்கத் தெரியாதவள் எடுத்தது என்று சொல்லிவிட்டால் பொறுக்குமா?

கம்பெனி விட்டதும் நேரே கரைக்குப் போனாள். கஸ்பார் மாமா வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"மாமா, கடல் என்ன ஒரு பக்கமா எறங்கியா கெடக்கு?"

"ஆமா."

"என்னது, ஆமாவா? எப்பத்துல இருந்து?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து. ஒனக்கு இப்பதான் தெரியுமாக்கும்?" என்றார் கஸ்பார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வடக்க ஏத்தம், தெக்க எறக்கம். நீ எங்கட்டி கடலப் பாக்க, எந்நேரமும் அந்தப் பொட்டிக்குள்ளயே கண்ண வச்சிருந்தா?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். உண்மைதான். வடக்கே உயர்ந்தும் தெற்கே தாழ்ந்தும், ஒரு ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்த தாம்பாளம் மாதிரி கடல் கிடந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஊருக்கு அது பழகிப் போயிருந்தது. முதல் வாரம் மட்டும் கொஞ்சம் பேசிக்கொண்டார்களாம். பள்ளிக்கூட டீச்சர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், தட்டுத் தண்ணீர் நேராக இருந்தது, கிணற்றுத் தண்ணீர் நேராக இருந்தது, குளத்துத் தண்ணீர் நேராக இருந்தது, கடல் மட்டும்தான் அப்படி, சரி போகட்டும் என்று டீச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள், அவர் கோயில் விருந்தான அசனத்துக்கு அரிசி வந்து சேராததைப் பற்றித்தான் பேசினார். வள்ளக்காரர்கள்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். வெறும் வள்ளத்தை எஞ்சின் போட்டு வடக்கே ஏற்றிக்கொண்டு போவது, மேட்டில் நின்று வலை போடுவது, மீன் நிறைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வள்ளத்தைச் சும்மா விட்டுவிடுவது, அது பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு ஊர் வந்து சேரும், இவர்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அந்தப் பாட்டு கரைக்கு முன்கூட்டியே கேட்கும், பாட்டுக் கேட்டதும் பெண்கள் அன்னக்கூடையை எடுப்பார்கள். தெற்கே அடுத்த ஊரான கொம்புத்துறைக்காரர்கள் மட்டும், உங்கள் மீன் எல்லாம் உருண்டு எங்களிடம் வருகிறது, பிறகு சண்டைக்கு வராதீர்கள் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சண்டைக்கு யாரும் போகவில்லை. அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை தோறும் கொம்புத்துறையிலிருந்து ஒரு கூடை சாளை மீன் சிப்பித்துறைக்கு மரியாதையாக வந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் கேட்டபோது ஜெசிந்தாவுக்கு ஆச்சரியம் வந்ததோ இல்லையோ, நிம்மதி வந்தது. தப்பு தன் கையில் இல்லை, தன் காலில் இல்லை! ஓடி வந்து குழுவில் எழுதினாள்: "அண்ணே, நான் நேராகத்தான் நின்றேன். எங்கள் ஊரில் கடல்தான் சாய்ந்திருக்கிறது."

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'சாக்குச் சொல்வதிலும் ஒரு கலை வேண்டும்' என்று ஒருவர் போட்டார். 'என் ஊரில் ஃபோகஸ் சாய்ந்திருக்கிறது' என்று இன்னொருவர். நல்லசிவம் சிரிக்கவில்லை, அவர் சிரிக்கிற ஆள் இல்லை. அவர் படத்தை இறக்கி, கடலைத் தூக்கி நிமிர்த்தி, 'திருத்தியது' என்று கீழே ஒட்டினார்.

கடல் நேரானது வாஸ்தவம்தான். ஆனால் கடலைத் தூக்கி நிமிர்த்தியதில் ஊர் மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. குருசு விழப் போவது போல் நின்றது, அன்னக்கூடைப் பெண்கள் வரிசையாகச் சரிந்தார்கள், கஸ்பார் மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். குழு என்ன சொன்னது தெரியுமா? 'இப்போது பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்றது. குழுவின் நிர்வாகி ஒரு படி மேலே போய், நல்லசிவத்தின் சம்மதத்தோடு, "இந்தத் திருத்திய படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் மதுரைக்கு எடுத்துக்கொள்கிறோம், பழைய படம் வேண்டாம்" என்று எழுதினார்.

ஆறு வருஷமாக எதற்குக் காத்திருந்தாளோ அது கைக்கு எட்டிவிட்டது. ஒரு விரல் தட்டினால் போதும்.

"அனுப்பிருட்டி," என்றான் அவள் புருஷன் லூர்து, குட்டியானை வண்டியில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டே. "மதுரைல வந்து பாக்குறவனுக்கு கஸ்பார் மாமா நேரா நின்னா என்ன, கோணலா நின்னா என்ன?"

ஜெசிந்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திருத்திய படத்தைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "முடியாதுங்க. எனக்கு மதுரைக்குப் போகணும்னு உசுரு கெடந்து அடிக்கி. ஆனா எல்லாரும் விழப்போற மாதிரி இருக்காவ. ஒருத்தரும் விழலியே, நல்லாத்தான நிக்காவ. நான் எப்படி அனுப்ப?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். லூர்து மீன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு அதைக் கொண்டுபோய்க் கஸ்பார் மாமாவிடம் காட்டினான்.

அங்கேதான் பிடித்தது சனியன்.

"என்னய ஏம்ல குடிகாரன் மாதிரி நிறுத்தி வச்சிருக்கான்?" என்று கத்தினார் கஸ்பார். "அன்னைக்கு நான் ஒரு சொட்டுத் தொட்டிருந்தா கேளு! மாதாவுக்கு நேர்ந்து விட்டு இது மூணாவது மாசம்!" அன்னக்கூடைப் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்து, ஏளா, என் கூடை மீன் பூரா கொட்டிரும்போல இருக்கே என்று பதறினார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, குருசை இப்படிச் சாய்ப்பது நல்லதுக்கில்லை என்றார். கடல் சாய்ந்ததற்குக் கோபப்படாத சிப்பித்துறை, தன்னைச் சாய்த்ததற்குக் கொதித்துவிட்டது.

அடுத்த நாளே ஊர் மொத்தமும் அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டது. கஸ்பார் சேர்ந்தார், சாமியார் சேர்ந்தார், டீச்சர் சேர்ந்தார், ஐஸ் கம்பெனி முதலாளி சேர்ந்தார், போன் இல்லாதவர்கள் போன் இருக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். முரட்டு ஜனம்தான், ஆனால் சட்டத்தை மதிக்கிற ஜனம். சிப்பித்துறையிலிருந்து போன கமெண்ட் ஒவ்வொன்றும் நிறை சொல்லித்தான் குறை சொன்னது. யாரோ போட்ட கொடைக்கானல் படத்துக்குக் கீழே, "நிறை: பச்சை நல்லா இருக்கு. குறை: மலை ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு, இதை ஏன் யாரும் நிமிர்த்தல?" என்று போட்டார்கள். கல்யாண மேடைப் படத்துக்குக் கீழே, "நிறை: பொண்ணு லட்சணம். குறை: மாப்பிள்ளை எங்கயோ பாக்குறாரு, விசாரிக்கவும்" என்று போட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சிப்பித்துறைக்காரர்கள் தங்கள் படத்துக்கு என்ன சொல்லப் போகிறார்கள் என்று காலையிலேயே எழுந்து பார்க்க ஆரம்பித்தார்கள். திருநெல்வேலியில் பஸ் ஓட்டுகிற ஒருவர், ஆறு மாசமாக யாரும் எட்டிப் பார்க்காத தன் படங்களுக்கு ஒரே நாளில் ஊரே வந்து பேசியதைப் பார்த்து, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு நன்றி எழுதினார்.

கஸ்பார் மட்டும் வேறு எந்தப் படத்தையும் தொடவில்லை. நல்லசிவத்தின் பக்கத்துக்குப் போய், அவர் எடுத்த வண்ணத்துப்பூச்சிகளிலேயே அழகான ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் கீழே எழுத வைத்தார்: "நிறை: பூச்சி உசுரோட இருக்கு, கையில வந்து உக்காந்துரும்போல. குறை: எடுத்தவரு எங்க ஊருக்கு வந்து பாக்காம எங்களச் சாச்சுட்டாரு."

அதற்குப் பதிலாக நல்லசிவமே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்தில், தோளில் முக்காலி ஸ்டாண்டும் முதுகில் பையுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கினார். மெலிந்த, சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்ட மனிதர். ஊரே வழிவிட்டது.

"நீங்கதானுங்களா ஜெசிந்தாம்மா?" என்றார். "நான் நல்லசிவமுங்க. கடல் எந்தப் பக்கமுங்க?"

கடல் எந்தப் பக்கம் என்று சிப்பித்துறையில் வந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். காட்டினார்கள். ஈர மணலில் ஸ்டாண்டை ஊன்றினார், மூன்று காலையும் மாற்றி மாற்றி அழுத்தினார், அதன் தலையில் இருந்த ரசமட்டத்தின் குமிழி சரியாக நடுவில் வந்து நின்றது. கேமராவுக்குள் பார்த்தார். தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். குமிழியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். அவர் கழுத்து மெல்ல மெல்ல வலப்பக்கமாகச் சாய்ந்தது.

"தலயச் சாய்க்காதிய சார்," என்றார் கஸ்பார். "வெளியூர்க்காரங்க எல்லாரும் இதத்தான் செய்யுதாவ. பொறவு சுளுக்கிக்கிட்டு எண்ணெய் கேப்பாவ."

நல்லசிவம் தலையை நிமிர்த்தினார். பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கம்மா, எல்லா ஊர்க் கடலும் இப்படித்தான் இருக்குங்களா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே... நீங்க கடலையே பாத்தது இல்லியா?"

"இல்லீங்க. கடையை விட்டுட்டு எங்கீங்க வர்றது. போட்டோல பாத்ததுதானுங்க, பூராமே. எத்தனையோ பேர்த்து கடலை நிமித்தி இருக்கறனுங்க." அவர் காது மடல் சிவந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்கம்மா."

கோபமாவது ஒன்றாவது! கடலையே பார்க்காத மனுஷன் நம்ம கடலை முதன்முதலாகப் பார்க்க வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் சிப்பித்துறைக்குப் பிடித்துக்கொண்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. செருப்பைக் கழற்ற வைத்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள், முதல் அலை காலில் பட்டதும் அவர் கூசிக் குதித்ததைப் பார்த்துப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கஸ்பார் தன் வள்ளத்திலேயே ஏற்றிக்கொண்டார், ஜெசிந்தாவும் கேமராவோடு ஏறிக்கொண்டாள். எஞ்சின் முக்கி முனகி வடக்கே மேடு ஏறியது, உச்சிக்குப் போனதும் கஸ்பார் அதை அணைத்தார். ஒரு கணம் வள்ளம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது பாருங்கள், உடுமலைப்பேட்டையில் வாய்விட்டுச் சிரித்தறியாத நல்லசிவம் வாயைத் திறந்து "யம்மாடியோ!" என்று கூவியது கரை வரைக்கும் கேட்டது, பெண்கள் அதைப் பாட்டு என்று நினைத்து அன்னக்கூடையை எடுத்துவிட்டார்கள்.

இறங்கியதும், "இன்னொருக்கா போலாங்களா?" என்றார். இன்னொருக்காவும் போனார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் தான் எடுத்த கடல் படத்தை, ஒரு இம்மியும் திருப்பாமல், குழுவில் போட்டார். நிமிஷத்தில் வந்து குவிந்தது. 'அண்ணா, அடிவானம் இறங்கியிருக்கிறது.' 'சார், நீங்களுமா?' ஒரு புது உறுப்பினர், பாவம் பொடியன், துணிச்சலாக அதை நிமிர்த்தி 'திருத்தியது' என்று ஒட்டியே விட்டான். நல்லசிவம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டார்: "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்." அந்த மாசம் சிப்பித்துறை பஸ்ஸில் ஏறிய பாதிப்பேர் தோளில் ஸ்டாண்டு வைத்திருந்தார்கள், ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் காலை நேரம் நிற்க இடம் கிடைக்கவில்லை, கழுத்துச் சுளுக்குக்கு டீச்சர் வீட்டில் எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார்கள்.

நல்லசிவம் சொல்லி ஜெசிந்தாவின் படம் மதுரைக்குப் போனது. அவள் எடுத்தபடியே போனது.

திறப்பு விழா அன்று லூர்தின் குட்டியானையிலும் வாடகை வேனிலுமாகச் சிப்பித்துறை மதுரைக்குப் புறப்பட்டது. வழியில் சோற்றுக்கு நிறுத்தி, டயருக்கு நிறுத்தி, கஸ்பார் மாமா வாந்திக்கு நிறுத்தி, போய்ச் சேரும்போது விழா தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. ஜெசிந்தா மண்டபத்துக்குள் ஓடினாள். ஒரு சுவர் முழுக்கப் பறவைகள், ஒரு சுவர் முழுக்கக் கோபுரங்கள், எல்லாச் சட்டமும் நூல் பிடித்த மாதிரி நேராக மாட்டியிருந்தது. கடைசிச் சுவரில் கூட்டமாக இருந்தது.

அங்கே நடந்ததை அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். படத்தைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் முதலில் ஓரடி பின்னால் போனார்கள், தலையைச் சாய்த்தார்கள், 'அடடே, கோணலா மாட்டிட்டாங்களே' என்று சொல்லிக்கொண்டே, வீட்டுச் சுவரில் சாமி படத்தைச் சரிசெய்கிற அதே பதவிசோடு, சட்டத்தின் வலது மூலையைத் தூக்கிவிடக் கையை நீட்டினார்கள். நீட்டிய கை ஒவ்வொன்றையும், பக்கத்திலேயே நின்றிருந்த ஒரு மெலிந்த மனிதர் பதமாகப் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே வேலைபோல. தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"கை வைக்காதீங்க சார்," என்றார் நல்லசிவம், பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவரிடம்.

"இல்லீங்க, படம் கோணலா..."

"கோணல் இல்லீங்க. அந்தம்மா நேராத்தான் நின்னு எடுத்திருக்காங்க. ஒவ்வொருத்தரையும் பாருங்க, யாராச்சும் விழறாங்களா? நான் பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."

ஜெசிந்தாவுக்குக் கண் மறைத்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தாள். அதற்குள் வேனிலிருந்து இறங்கிய சிப்பித்துறை மொத்தமும் சளசளவென்று உள்ளே வந்து, தங்களைச் சுவரில் பார்த்து, ஏ நம்ம குருசு, ஏ நம்ம கூடை என்று சத்தம் போட்டது. எல்லாருக்கும் முன்னால் கஸ்பார் மாமா போய்ப் படத்தில் இருக்கிற கஸ்பார் மாமாவுக்கு நேர் எதிரே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.